சீட் அக்கா கேட்கும் கேள்வி

வந்தவர் எழுந்ததும், அவர் உட்கார்ந்திருந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார் சீட் அக்கா. ஏதோ பெட்டியிலிருந்து கிழித்த தடித்த அட்டை. அதில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. இரண்டிலும் சாக்பீஸால் புள்ளி வைத்து, நடுவில் ஸ்கேலைப் பிடித்து, "பன்னண்டரை சென்டிமீட்டர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கிற குரலில் கேட்கிறார்.

"ஓட்டும்போது கீழ மரத்துப் போகுதா?"

வந்தவர் பிரேக் கட்டை மாற்ற வந்தவர். அட்டையில் தன்னை எதற்கு உட்காரச் சொன்னார்கள் என்பதே அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. கூரையில் தொங்கும் டியூப்களை எண்ணுவதுபோல அண்ணாந்து பார்க்கிறார்.

"அப்படியெல்லாம் இல்லீங்க. அந்த இடத்துல எப்பவாவது கொஞ்சம்..."

"எந்த இடம்? இருபத்திரண்டு வருஷம் தபால் குடுத்தவ நான். 'அந்த இடம்'னு மட்டும் எழுதியிருந்தா கடிதத்தை எந்த வீட்டுல கொண்டுபோய்ப் போடுறது? முழு விலாசம் சொல்லுங்க."

சைக்கிள் கடை அவருடைய தம்பியினுடையது. அக்கா இந்தக் கேள்வியைத் தொடங்கினால் தம்பி டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். நான் அங்கே இருந்த ஒரு காலையில் மட்டும் அவர் ஐந்து டீ குடித்தார். "வயித்துப்புண் வந்தா அதுக்கு அக்காதான் பொறுப்பு" என்று என்னிடம் முறையிட்டார்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நானும் பஞ்சர் ஒட்டப் போய் மாட்டிக்கொண்டவன்தான். இரண்டு வருடமாக ஆண்குறியில் ஊசி குத்துவதுபோல ஒரு மரமரப்பு. சைக்கிளை விட்டு இறங்கி அரை மணி நேரம் போனால்தான் உணர்ச்சி திரும்பும். வார்த்தையை விற்றுப் பிழைக்கிற எனக்கு இதை மனைவியிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. முன்பின் தெரியாத பெண், கையில் ஸ்பேனரோடு, நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டபோது காது சுட்டது. ஆனாலும் 'ஆமாம்' என்று சொன்ன பிறகு, பாதி பாரம் அங்கேயே இறங்கிப்போனது.

சீட் அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு. தலைமுடியைக் கொண்டையாக முறுக்கி, பழைய டியூபில் வெட்டிய வளையத்தால் கட்டியிருப்பார். கடையில் நான்கு முக்காலிகள் இருந்தும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எந்தச் சைக்கிள் வந்தாலும் முதலில் மணியை அடித்துப் பார்ப்பார், பிறகு சீட்டின் மேல் ரசமட்டத்தை வைத்து நீர்க்குமிழி எங்கே நிற்கிறதென்று குனிந்து பார்ப்பார். சக்கரம் கோணலாக இருந்தால்கூட அதைப் பிறகுதான் கவனிப்பார்.

மெத்துமெத்தென்ற சீட் உறை வாங்க வருபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மெத்தை வேணும்னா வீட்டுல போய்ப் படுங்க" என்பார். பிறகு கோபம் தணிந்து விளக்குவார். உட்காரும்போது பாரத்தைத் தாங்க இரண்டு எலும்புகள் இருக்கின்றன, அட்டையில் பள்ளம் விழுவது அவற்றால்தான். சீட் அவற்றுக்குப் பொருந்தாவிட்டால் நடுவில் இருக்கிற சதை பாரத்தைச் சுமக்கும். அங்கேதான் நரம்பும் ரத்தக்குழாயும் போகின்றன. மெத்தை அதிகமானால் எலும்பு உள்ளே புதைந்து, நடுப்பகுதி இன்னும் அழுந்தும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே கதைதான். "கை மரத்துப் போச்சுன்னா ஊர் முழுக்கச் சொல்றீங்க. கீழ மரத்துப் போச்சுன்னா மட்டும் வாயும் சேர்ந்து மரத்துப் போயிடுதா?"

இந்தத் துணிச்சல் அவருக்குச் சும்மா வரவில்லை. தபால்காரியாக இருந்தபோது ஆறு வருடம் அவருக்கும் அதே தொல்லை. சிறுநீர் கழித்தால் எரிச்சல், கணவர் தொட்டால் வலி, மற்ற நேரங்களில் ஒன்றுமே தெரியாத மரமரப்பு. இரவானால் தலைவலி என்று திரும்பிப் படுத்துக்கொள்வாராம். ஒரு டாக்டரிடம் தைரியமாகச் சொன்னார். டாக்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, வயசாகிறது என்றாராம்.

"எனக்கு அப்ப முப்பத்தெட்டு. அந்த டாக்டருக்கு அறுபதாவது இருக்கும். அவருக்கு ஆகாத வயசு எனக்கு ஆயிடுச்சாம்!"

ஒருமுறை அவருடைய சைக்கிளின் சட்டம் விரிசல் விட்டது. ஒரு வாரம் தபால் அலுவலகத்தில் இருந்த வேறொருவரின் சைக்கிளை ஓட்டினார். நான்காம் நாளே எரிச்சல் குறைந்தது. சட்டத்தைப் பற்றவைத்துக் கொண்டுவந்த தன் சைக்கிளை வாசலில் நிறுத்தி, வாங்கிய நாளிலிருந்து முதல்முறையாக அதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். சீட்டின் மூக்கு மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு விரல் உயரம். அவ்வளவுதான். அந்த ரெண்டு விரலுக்கு எங்க வீட்டுல ஆறு வருஷம் போச்சு. வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். மனுஷன் எழுந்தாரு. வெளிய போய்ச் சைக்கிளை ஓங்கி ஒரு உதை விட்டாரு. பாவம், கால் வீங்கி நாலு நாள் நடக்க முடியல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அவருடைய சண்டை ஒரு பார்சல் நிறுவனத்தோடு. அந்த நிறுவனத்தின் நாற்பது சைக்கிள்களைப் பராமரிப்பது தம்பியின் கடைதான். சீட்டுகள் களவு போகின்றன என்று சொல்லி, நாற்பது சைக்கிளிலும் சீட்டை ஒரே உயரத்தில் வைத்து, இறுக்கும் நட்டைச் சுற்றிக் கம்பி போட்டு ஈய சீல் வைத்துவிட்டார்கள். குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே உயரம். பார்சல் பாரத்தில் ஆள் முன்னால் சரியக் கூடாதென்று மேலாளர் சொந்த மூளையைச் செலவழித்து, மூக்கையும் சற்றுத் தூக்கச் சொல்லியிருந்தார். சீல் உடைந்திருந்தால் அன்றோடு வேலை போய்விடும். ஒரே ஒரு விலக்கு உண்டு. சீட்டினால் என்ன தொல்லை என்று ஓட்டுபவர் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சீலை வெட்டலாம்.

சீட் அக்காவிடம் தனியாகப் பேசியவர்கள் பதினேழு பேர். எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். அந்த இருவரும் 'முதுகுவலி' என்று எழுதினார்கள். முதுகுக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். நீங்களே எழுதிக் கொடுக்கக் கூடாதா என்று அக்காவிடம் கேட்டேன். "உடம்பு அவங்களோடது. அவங்க கையால எழுதட்டும்" என்றார். அந்தக் கண்டிப்பு அப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

போன புதன்கிழமை மாலை, எல்லோரும் கொடிக்கம்பம் என்று கூப்பிடுகிற நெட்டைப் பையனும் அவன் மனைவியும் வந்தார்கள். அந்த நிறுவனத்தில் பார்சல் கொடுக்கிறவன் அவன். கல்யாணமாகி எட்டு மாதம். சைக்கிள் ஓட்டும்போது அவன் முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்கும். சீட் தாழ்வாக இருந்ததால், கால் தாங்கவேண்டிய பாரத்தையும் சேர்த்து அவன் சீட்டின் மேல் போட்டுக்கொண்டிருந்தான். அவள் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள், கழுத்தில் அளவுநாடாவோடே வந்திருந்தாள். பேசியது அவள்தான்.

"அக்கா, நாலு மாசமா இவருக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சு அழுதுட்டிருக்கேன். எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு பையைக்கூடக் கட்டிட்டேன். நேத்துதான் வாயைத் திறக்கிறாரு. உணர்ச்சியே இல்லையாம். நீங்க போன மாசமே கேட்டீங்களாமே?"

"கேட்டேன். நல்லா இருக்கேன்னாரு."

"எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க அக்கா" என்றான் அவன், தரையைப் பார்த்து.

"முதல்ல டாக்டரப் பாருங்க, ரெண்டு பேருமா போங்க. காலண்டரப் பாக்கிற டாக்டரா இருந்தா எழுந்து வேற டாக்டர்கிட்டப் போங்க. நான் சீட்டுக்குத்தான் வைத்தியம் பார்ப்பேன்" என்று சொல்லி, நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிற ஃபாரம் ஒன்றை நீட்டினார். அவன் அதை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை வாராந்திரச் சோதனை. கடைக்கு முன்னால் சைக்கிள்களோடு இருபது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். மேலாளர் ஃபைலோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். கொடிக்கம்பம் ஃபாரத்தைக் கொடுத்தான். பிறப்புறுப்பில் உணர்ச்சி இல்லை, நான்கு மாதமாகத் தாம்பத்தியம் இல்லை, சீட்டின் உயரத்தையும் சாய்வையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். மூன்றே வரி, அடியில் முழுப் பெயரும் கையெழுத்தும்.

மேலாளரின் காது சிவந்தது. ஃபாரத்தை மடக்கி, குரலைத் தாழ்த்தினார்.

"என்னப்பா இது? இதை நான் மேல எப்படி அனுப்புறது? ஆபீஸ்ல லேடீஸ் இருக்காங்க."

"அவங்களும் சைக்கிள் ஓட்டுவாங்க சார். அவங்களும் படிக்கட்டும்" என்றார் சீட் அக்கா.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா. தம்பி, நான் சொல்றதைக் கேளு. இதைக் கிழிச்சிடு. முதுகுவலின்னு எழுதிக் குடு. உன் ஒரு வண்டிக்கு மட்டும் சீலை எடுக்க நானே அனுமதி தரேன். உன் மானமும் போகாது, என் மானமும் போகாது."

வேறொரு ஃபாரத்தையும் பேனாவையும் நீட்டினார். அக்காவின் தம்பி டீக்கடையிலிருந்து தலையை ஆட்டி, ஒத்துக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டினார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. பையனின் பிரச்சினை தீரும், மனைவி அம்மா வீட்டுக்குப் போக மாட்டாள், பிறகு என்ன? சீட் அக்கா கட்டிங் பிளேயரைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான். அவன் இப்போது முதுகுவலி என்று எழுதிவிட்டால், வரிசையில் நிற்கிற ஒருவரும் இனி உண்மையை எழுத மாட்டார்கள்.

கொடிக்கம்பம் பேனாவை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை மேலாளரின் ஃபைல் மேலேயே வைத்தான்.

"என் முதுகு நல்லாத்தான் இருக்கு சார்" என்றான். குரல் நடுங்கினாலும் கடைசி சைக்கிள் வரை கேட்டது. "நான் எழுதினதுதான் உண்மை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வேணும்னாலும் படிங்க."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவவில்லை.

சீட் அக்கா அவன் சைக்கிளின் அருகே குந்தி, கம்பியை ஒரே வெட்டில் வெட்டினார். சீட்டின் மூக்கை இறக்கி, ரசமட்டம் வைத்து, அவனை ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, கால் நீளும் அளவுக்குச் சீட்டை உயர்த்தி இறுக்கினார். எந்த அவசரமும் காட்டவில்லை. மேலாளர் அசையாமல் நின்றிருந்தார். வரிசையின் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அக்கா, எனக்கும் ஒரு ஃபாரம் குடுங்க."

யாரென்று பார்க்க மேலாளர் திரும்பினார். அவர் திரும்பி முடிப்பதற்குள் சீட் அக்கா எழுந்து வந்து, வெட்டிய ஈய சீலை அவருடைய சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிவிட்டார்.