பல்மீரா ஆட்டிய சட்டி

பல்மீராவுக்கு வலை பழுது பார்க்கத் தெரியும். பனியில் விறைத்த விரலோடு ஊசி பிடிக்கத் தெரியும். மாதக்கணக்கில் புருஷன் முகம் பார்க்காமல் குடித்தனம் நடத்தத் தெரியும். எழுபத்தாறு வயது வரை அவள் தொடாதது ஒன்றுதான், அவள் வீட்டு மீன்குழம்புச் சட்டி. புருஷன் நசரேனோ தொட விட்டதில்லை.

இத்தாலியக் கடற்கரையில் இருக்கும் எங்கள் சான் பெனெதெத்தோவில் ப்ரொதெத்தோ என்கிற இந்த மீன்குழம்பு ஆம்பளைச் சமையல். படகில் பிறந்த குழம்பு. விலை போகாத மீன், நசுங்கிய மீன், முள் மீன் எல்லாவற்றையும் தக்காளிக்காய், வெங்காயம், பச்சைக் குடைமிளகாயோடு சட்டியில் அடுக்கி, வினிகர் ஊற்றிக் கொதிக்க விடுவார்கள். கரண்டி போட்டுக் கிளறினால் மீன் உடைந்துவிடும். சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஆட்டத்தான் வேண்டும். நசரேனோ ஆப்பிரிக்கக் கரை வரை போன பெரிய படகில் வேலை செய்தவர். கரைக்கு வந்தால் வெள்ளிக்கிழமை அடுப்பு அவருடையது. அவள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் விரல் முட்டியில் கரண்டி விழும். நான் கீழ்வீட்டுக்காரி. வீங்கிய விரல்களுக்கு ஐஸ் கட்டியிருக்கிறேன்.

"கெளறாத கொழம்புக்குக் கரண்டி எதுக்குன்னு கேப்பியே ஜெம்மா? இதுக்குத்தான்" என்று விரலைக் காட்டிச் சிரிப்பாள்.

வேலையை விட்ட பிறகும் அவருடைய பழைய படகிலிருந்து வெள்ளிதோறும் பங்கு மீன் ஒரு பை வந்தது. உழைத்தவனுக்குக் கூலி தனி, வீட்டுச் சட்டிக்கு மீன் தனி. அந்தப் படகில் அது வழக்கம்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. எல்லாவற்றையும்விட மோசம், விழுங்கும் தசை பாதி செத்துவிட்டது. நகராட்சி அவரைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பியது. அந்த வேலைக்குப் பயிற்சி எடுத்தவள் நான்; கீழ்வீடு என்பது கூடுதல் வசதி, அவ்வளவுதான். இடது கையால் மேஜையைத் தட்டச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. நிமிர்த்தி உட்கார வைப்பது, முகவாயைத் தாழ்த்திப் பிடிப்பது, எல்லாவற்றையும் மசித்து மாவு கலந்து கெட்டியாக்கி ஊட்டுவது என்று பல்மீராவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீராக ஏதாவது போனால் நுரையீரலில் இறங்கிவிடும்.

அவர் வாயைத் திறக்கவில்லை. மசித்த உருளைக்கிழங்கு, கோழி, பழக்கூழ் எதற்கும் திறக்கவில்லை. இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. டாக்டர் எடை பார்த்தார். இப்படியே போனால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும், அதை வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாது, மலைமேல் இருக்கிற முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். அந்த இல்லத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம். சன்னலிலிருந்து கடல் தெரியாது.

"அங்கெல்லாம் போகமாட்டான்" என்றாள் பல்மீரா.

"அப்ப சாப்பிட வை."

அந்த வெள்ளிக்கிழமை மீன் பை வந்ததும் அவள் சட்டியை இறக்கினாள். நான் ஒப்புக்கொண்டேன், மூன்று நிபந்தனைகளோடு: முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, சல்லடையில் தேய்த்துக் கெட்டியாக்க வேண்டும், வினிகர் கூடாது. ஆரோக்கியமான தொண்டையையே வினிகர் இருமவைக்கும்.

சக்கர நாற்காலியை அடுப்படியில் நிறுத்தினோம். பல்மீரா வெங்காயத்தை வதக்கினாள். கணவாயைப் போட்டாள். ஒரு தட்டு. நவரை மீனை எடுத்தாள். இரண்டு தட்டு.

"ஏன்யா, இது இல்லையா? அப்ப எது, திருக்கையா?"

ஒரு தட்டு.

"பெரிய மாலுமி! எடுத்த உடனே மெல்லிசு மீனப் போட்டா கரைஞ்சிடும், எனக்குத் தெரியாதா? உன்னச் சோதிச்சேன்."

சட்டி கொதித்ததும் அவள் வேண்டுமென்றே கரண்டியை எடுத்து உள்ளே விடுவதுபோல் காட்டினாள். மேஜை அதிர்ந்தது. மேலே இருந்த கிண்ணம் உருண்டு விழுந்து உடைந்தது.

"பாரு ஜெம்மா, ஒரு கைதான் வேலை செய்யுது, அதுவும் அடிக்கத்தான் செய்யுது" என்றாள். பிறகு துணியால் இரண்டு காதையும் பிடித்துச் சட்டியை ஆட்டினாள். சரியாகவே ஆட்டினாள். எத்தனை வருஷம் கதவோரம் நின்று பார்த்திருப்பாள்.

வடித்து, தேய்த்து, கெட்டியாக்கி ஊட்டினோம். நாக்கில் பட்டது. முகம் சுளித்தார். துப்பிவிட்டார்.

"வினிகர்" என்றாள் பல்மீரா.

"கூடாது."

"அது இல்லாம அவனுக்கு இது கொழம்பு இல்ல, ஜெம்மா. சட்டியில ஊத்துறது பத்தாதுன்னு கிண்ணத்துல வேற மேல ஊத்திப்பான்."

"கூடாதுன்னா கூடாது. நுரையீரலுக்குப் போனா அப்புறம் என்னாலயும் முடியாது, டாக்டராலயும் முடியாது."

அடுத்த வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடைக்குப் போய்விட்டு மேலே ஏறியபோது படியிலேயே புளித்த வாசனை வந்தது. நசரேனோ கழுத்துத் துண்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கெட்டியாக இருந்திருக்க வேண்டிய குழம்பு தளர்ந்து ஓடியது. பக்கத்தில் திறந்த வினிகர் பாட்டில். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் வாயை அகலத் திறந்தார், குஞ்சு போல. நடுவில் இருமினார். இருமல் அடங்கியதும் மறுபடி திறந்தார்.

"சாப்பிடறான்" என்றாள் பல்மீரா, என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

நான் கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன். சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது. "இப்படிக் குடுத்தா காய்ச்சல் வரும். நிமோனியா ஆகும். இதுலயே போயிடுவாரு" என்றேன்.

"கொழாய் வெச்சா?"

"இருப்பாரு."

"எவ்வளவு நாளு?"

"வருஷக்கணக்கா இருந்தவங்களையும் பாத்திருக்கேன்."

அவள் நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "யோவ் கெழவா, என்னப் பாரு. ஜெம்மா சொன்னது கேட்டுச்சா?"

ஒரு தட்டு.

"மலை மேல கொண்டுபோய் வயித்துல கொழாய் வைக்கட்டுமா?"

இரண்டு தட்டு.

"இதையே தின்னுட்டுப் போறியா?"

அவர் உடனே தட்டவில்லை. கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு தட்டு. பெரிதாகக்கூட இல்லை.

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். இப்படிப்பட்டதை நான் மறைப்பதில்லை. அவர் வந்து நசரேனோவிடம் அதே கேள்விகளை வேறு வேறு விதமாகக் கேட்டார். அதே பதில்கள்தான் வந்தன. புத்தி தெளிவாக இருக்கிறது, அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இலையுதிர்காலம் முடிய இன்னும் சில வெள்ளிக்கிழமைகள் கிடைத்தன. காய்ச்சல் வந்தது, இறங்கியது, மறுபடி வந்தது. கடைசியில் மூச்சு கொதிக்கும் சட்டி மாதிரி சத்தம் போட்டது. அதை அழகாகச் சொல்ல வழியில்லை. அவருடைய கட்டிலில், கடல் தெரியும் பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்திருந்தபோது மூச்சு நின்றது. நானும் பல்மீராவும் சேர்ந்து குளிப்பாட்டினோம். கனமே இல்லை.

மகள் லொரெதானா அங்கோனாவிலிருந்து வந்தாள். டாக்டர் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார். அடக்கம் முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஊட்டியே கொன்னுட்டீங்க. அந்தக் கரண்டி அடிக்கெல்லாம் இப்பக் கணக்குத் தீத்துக்கிட்டீங்க, இல்லம்மா?"

நான் வாயைத் திறந்தேன். பல்மீரா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கணக்குத் தீக்கணும்னா மலைமேல அனுப்பியிருப்பேன்டி" என்றாள்.

லொரெதானா சாயங்கால ரயிலுக்கே போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் வருவதில்லை. வந்தாலும் எனக்குத்தான் வருகிறது: அம்மா மாத்திரை போட்டாளா, படியில் இறங்கினாளா என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை பழைய படகிலிருந்து ஓர் ஆள் பையோடு வந்து நின்றான். கொடுப்பதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "முதலாளி குடுத்துட்டு வரச் சொன்னாரு பாட்டி… வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்" என்றான்.

"கொண்டா இப்படி. மீன் என்ன பாவம் பண்ணிச்சு?"

முதுகு முள்ளில் விஷம் இருக்கும் மீன்களை அவள் தனியாக எடுத்து முள்ளை நறுக்கினாள். கணவாயைச் சுத்தம் செய்தாள். நான் தக்காளிக்காய் அரிந்தேன். சட்டியை அவளே ஆட்டினாள். இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள்.

முதல் வாயிலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. பாட்டிலை எட்டி எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். "வினிகர மறந்துட்ட."

"மறக்கல" என்றாள், மீனிலிருந்து முள்ளை உருவிக்கொண்டே. "எனக்கு அது பிடிக்காது. என்னைக்குமே பிடிச்சதில்ல."

பாட்டிலை எடுத்து என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.