தலைவர் பதவிக்கு நின்ற ஞானமணி அக்கா

கம்போங் ராஜாவிலிருந்து ஞானமணி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா கதவு தொறக்கலைங்க. உள்ள போய்ப் பார்த்தோம். தூக்கத்துலயே போயிட்டாங்க." நான் அப்போது பிரிஞ்சாங்கில் கடை திறந்துகொண்டிருந்தேன். யாருக்கு முதலில் சொல்வது என்று யோசித்தேன். இந்த மலையில் அவருக்கு உறவு என்று ஒருவரும் இல்லை. கட்சிதான் சொந்தம். அந்தச் சொந்தமும் அவர் வாசலை மிதித்து நெடுநாளாகிவிட்டது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்; தோட்ட மருந்தகத்தில் தாதியாக இருந்தவர்; ஓய்வுபெற்ற பிறகு நம் கட்சிக் கிளையின் தலைவியானவர். நான் கிளைச் செயலாளர். லயத்து வீடுகளை இடிக்க இயந்திரம் வந்த நாளில் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "தோட்டத்துத் துரை வரட்டும். வயசானவங்க எங்க போய்ப் படுப்பாங்கன்னு சொல்லிட்டு அப்புறம் இடிக்கட்டும்" என்றார். மாற்று வீடு கிடைக்கும்வரை ஒரு கல்லும் பெயரவில்லை. தலைநகரில் இருப்பவர்களுக்கு அவர் பெயர் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

பொதுத்தேர்தலில் கட்சி தோற்றது. தேசியத் தலைவர் விலகினார். அந்தப் பதவிக்குப் பலமான வேட்பாளர் வேண்டும் என்று கட்சியின் இரண்டு அணிகளும் தேடின. ஓர் அணியின் பெரியவர்கள் மலையேறி அக்காவிடம் வந்தார்கள். தேநீர் ஊற்றிக் கொடுத்தபடியே அவர் கேட்டார்: "பலமான ஆள்னா யாரு? உங்களுக்காகப் பேசுறவளா, உங்ககிட்டயே எதிர்த்துப் பேசுறவளா?" அவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கடைசியில், "சரி, நிக்கிறேன்லா. பாதி வழியில இறங்கச் சொல்லாதீங்க" என்றார்.

என் காரில் ஊர் ஊராகப் போனோம். ஓரிடத்தில் கிளைக்காரர் ஒருவர் என்னிடம், "மலையில ஆம்பள யாரும் கிடைக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா காதில் விழுந்துவிட்டது. "தேடிப் பார்த்துட்டுத்தான் என்கிட்ட வந்தாங்க தம்பி. கிடைக்கல." கூட்டமே சிரித்தது. அந்தக் கிளை அவரையே முன்மொழிந்தது.

மாநாட்டுக்குச் சில நாள் முன்பு இரண்டு அணிகளும் சமாதானமாகி, வசதியான ஒரு தொழிலதிபரைப் பொது வேட்பாளராக்கின. அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. "மேலிடத்துல பேசி முடிச்சாச்சுக்கா. விலகிக்குங்க."

"என் பேரை எழுதிக் கொடுத்த கிளைங்ககிட்ட யாரு பேசினீங்க?"

கேட்டுவிட்டு அக்கா தொலைபேசியை வைத்தார். அவர் விலகவில்லை.

மாநாட்டு மண்டபத்தில் அவர் வீட்டில் சாப்பிட்டவர்கள்கூட அவர் பக்கம் வரவில்லை. நான் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தார். எடுக்கப் போனேன். "இருக்கட்டும். யாரோ வரப்போறாங்கன்னு நினைச்சுக்குவாங்க" என்றார். அன்று அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். வாக்கெடுப்பில் படுதோல்வி. வென்றவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்து காரில் ஏறினார்.

நேரே வீட்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். கோலா தெர்லாவில் நிறுத்தச் சொன்னார். தனக்காக உழைத்தவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். "தோத்த சேதிய நாமதான் போய்ச் சொல்லணும்லா. ஜெயிச்சிருந்தா ஊரே சொல்லியிருக்கும்." காய்கறித் தோட்டம் வைத்திருந்த லெட்சுமி அழுதார். அழாதே என்று அக்கா சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

பிறகு அவரைப் பார்க்க மலையேறி யாரும் வரவில்லை. ஞாயிறு கோயில், தோட்டத்து ரோஜா, சன்னல் வழியே பனி. எப்போதாவது நான் போனால், போகும் நேரம் வரும்போது இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிவிடுவார்.

கட்சி இப்போது மறுபடியும் பலமான ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. அது அவர்கள் பாடு. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, கெட்ட சேதியை நேரில் கொண்டுபோகும் அந்தப் பழக்கத்தை மட்டும்தான். அவர் இறந்ததைக் கைப்பேசியில் யாருக்கும் அனுப்பாமல் வீடு வீடாகப் போனேன். லெட்சுமி முட்டைக்கோசுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். குழாயை மூடினார்.

"அக்காகூட அங்க யாரு இருக்கா?"

"பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான்."

"இருங்க, நானும் வர்றேன்" என்று சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு வந்து காரில் ஏறினார்.