முத்திரையிட்ட மாத்திரைப் பை

மருந்தின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால், கொடுப்பவர் அதைப் பெறுபவரிடம் நேரில் சொல்ல வேண்டும். எனக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்த ஜோகூர் பாரு மருத்துவமனையின் மருந்தகச் சுவரில் இந்த விதி மாட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவது வரி. மற்றவர்கள் தங்கள் எண் வருகிறதா என்று திரையைப் பார்ப்பார்கள். நான் சுவரைப் படிப்பேன். மாவட்ட நில அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவளின் பழக்கம் அது.

ஐந்தாம் நாள் என்னைக் கோத்தா திங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு வாரத்துக்கான மூன்று மருந்துகள்: பாரசிட்டமோல், ட்ரமடோல் (மூளைக்குப் போகும் வலிச் செய்தியைக் குறைக்கும் கடும் வலி மருந்து), ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சிறு சிவப்பு மாத்திரை.

முதல் வாரத்து வலி நேர்மையானது. முட்டியை மடக்கினால் எழும், மருந்து போட்டால் முக்கால் மணி நேரத்தில் படியும். பயிற்சிக்கு முன்பே மருந்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள், போட்டுக்கொண்டேன். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் எழுதி வைத்தேன். ஏழு, ஐந்து, நான்கு என்று ஒழுங்காக இறங்கி வந்தது.

பன்னிரண்டாம் நாள் மீதி மருந்தை வாங்க என் கணவர் போனார். பாசிர் கூடாங் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். காரை விட்டு இறங்காமலே மருந்து வாங்கும் ஜன்னலில் வாங்கி வந்தார். பையைத் திறந்தேன். பச்சையும் மஞ்சளுமாக இருந்த ட்ரமடோல், இப்போது வெள்ளை வில்லை.

"இது வேற மருந்துங்க."

"அதே மருந்துதான் லா. உன் பேரு போட்டிருக்கு பாரு."

"என் பேர யாரு வேணும்னாலும் போடலாம்."

இரண்டு வேளை போட்டுப் பார்த்தேன். மறுநாள் மதிப்பெண் நான்கிலிருந்து ஏழுக்கு ஏறியது. எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. மட்டமான சரக்கை வாங்கி, கேட்க மாட்டாள் என்று கிழவியின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சர்ச்சைக்குரிய பொருளைக் கலைக்கக் கூடாது. ஆகவே பையை அப்படியே ஒரு பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திட்டு, அலமாரியில் பூட்டினேன். மருந்தகத் தலைவருக்கு நான்கு பத்திகளில் கடிதம். மருத்துவமனை இயக்குநருக்கு ஒரு பிரதி. வாய்மொழி விளக்கம் வேண்டாம் என்பதற்காகத் தொலைபேசி எண்ணைக் கொடுக்கவில்லை. பதில் வரும்வரை கோப்பில் நடவடிக்கை எடுப்பதில்லை என்பது எங்கள் அலுவலக வழக்கம். வீட்டில் கிடந்த பழைய பாரசிட்டமோலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?" என்றார் கணவர்.

"போன்ல சொன்னதுக்கு ஆதாரம் ஏது?"

"உன் வலிக்கு என்ன ஆதாரம் வச்சிருக்க?"

பதினேழாம் நாள் காலை, குளிக்கப் போக எனக்குச் செருப்பை மாட்டிவிடக் குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். கெண்டைக்காலைத் தொட்டார்.

"அலமாக், சுடுது. முட்டியத்தான மாத்துனாங்க? கீழ ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?"

"பதில் வரட்டுங்க."

"வந்தா வாங்குறதுக்கு நீ இருக்கணும்ல, விமலா!"

பழம் நறுக்கும் கத்தியால் என் கையெழுத்தின் குறுக்கே உறையைக் கிழித்தார். உள்ளே இருந்ததை மேசையில் கொட்டினார்.

"மூணு பாக்கெட் இருக்கு. நீ சண்ட போட்டது ஒண்ணோடதான?"

சிவப்பு மாத்திரை அப்படியே இருந்தது. நான்கு நாட்களாக நான் அதைப் போடவில்லை. அது என் நினைவிலேயே இல்லை.

அவசரப் பிரிவில் இளம் பெண் மருத்துவர் ஒருவர், "எங்க வலிக்குது ஆன்ட்டி? கை வச்சுக் காட்டுங்க" என்றார். என் கை தையலுக்குப் போகவில்லை. நேரே கெண்டைக்காலுக்குப் போனது. அந்தச் சில நாட்களில் யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். ஆழ்சிரை ரத்தக்கட்டு (காலின் உள்ளே ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது). அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போகலாம்.

"மாத்திரைய விட்டதாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒழுங்காப் போட்டும் சிலருக்கு வரும். ஆனா நாலு நாள் ஏன் போடல?"

"அது உறைக்குள்ள இருந்துச்சு" என்றேன்.

மருத்துவர் கணவரைப் பார்த்தார்.

"லேண்ட் ஆபீஸ், டாக்டர்" என்றார் அவர்.

மூன்று நாள் வார்டில் கிடந்தேன். ஒவ்வொரு மூச்சையும், இது சரியாக வந்ததா என்று சந்தேகத்தோடு உள்ளே விட்டேன். இரண்டாம் நாள் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகியபடி சொன்னார்: "அந்த ஜன்னல்ல இருந்த பொண்ணு சொல்லிச்சு. கம்பெனி மாறிடுச்சு, மருந்து அதேதான்னு. பின்னால ஒருத்தன் ஹாரன் அடிச்சான். கார எடுத்தேன், மறந்துட்டேன்."

விதி கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. நான் மருந்தகத்தைச் சந்தேகித்தேன், தயாரித்தவனைச் சந்தேகித்தேன், அரசாங்கத்தையே சந்தேகித்தேன். வலியை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது முட்டியின் வலிதான் என்று ஒரே பார்வையில் ஒப்புக்கொண்டேன்.

இதே அறுவைக்குப் பின் இதைப் படிப்பவர்களுக்கு: மாத்திரை நிறம் மாறினால் கேளுங்கள், ஆனால் தொலைபேசியில் கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இறங்கிக்கொண்டிருந்த வலி மறுபடி ஏறினால், எந்த இடம் என்று விரல் வைத்துப் பாருங்கள். கெண்டைக்கால் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்போது காலை, இரவு உணவோடு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, அளவு கூட்டியிருக்கிறார்கள். முட்டி நன்றாகவே மடங்குகிறது. கெண்டைக்காலைத்தான் தினமும் அளவு நாடா வைத்து அளக்கிறேன். வாரம், மாதம் எல்லாம் எனக்கு உதிர்ந்துவிட்டன. அறுவையிலிருந்து எத்தனையாவது நாள் என்று மட்டும் தெரிகிறது.

மருந்தகம் பதில் எழுதியது. ஒரே பக்கம், மரியாதையான நடை. இரண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு, பெற்றவரிடம் தெரிவிக்கப்பட்டது, வலி கூடினால் இந்தப் பதிலுக்குக் காத்திராமல் உடனே வரவும். பிழை தேடி இரண்டு முறை படித்தேன். இல்லை. மேல் மூலையில், கிடைத்த தேதியை எழுதினேன்: நாற்பத்தெட்டாம் நாள்.