மஞ்சள் தாளில் எழுதிய தவறுகள்

உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் தாள்கள். பட்டறைச் சுவரில் அவற்றை முதலில் ஒட்டியவர் எங்கள் போர்மேன். ‘சூடு ஆறுமுன் பிரஸ்ஸைத் திறந்துவிட்டேன்’ என்று எழுதி, கீழே பெயரும் போட்டிருந்தார்.

நெய்வேலியில் எங்களுடையது சிறிய தனியார் பட்டறை. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி ஏற்றிச் செல்லும் ரப்பர் பெல்ட்டுகளின் முனைகளைச் சூடான பிரஸ்ஸில் அழுத்தி ஒட்டி ஜாயின்ட் போடுவோம். நான் ஸ்டோர்ஸ் கிளார்க். முன்பெல்லாம் ஜாயின்ட்டில் பிசகு செய்தவர், ஷிப்ட் முடிந்து கை கழுவும்போது போர்மேன் காதில் சொல்வார். மறுநாள் அதைப் பிரித்துப் புதிதாகப் போடுவார்கள். யார் செய்தது என்பது அலுவலகத்துக்கு வராது.

முதலாளி படுக்கையில் விழுந்ததும், பெங்களூரில் ஸ்டார்ட்அப் ஒன்றில் இருந்த அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். இனி ‘சார்’ வேண்டாம், காலையில் வட்டமாக நின்று பேசுவோம், தவறைப் பெயரோடு எழுதி ஒட்டுபவருக்குக் கைதட்டுவோம் என்றார். மனதாரத்தான் சொன்னார். ஒரு வாரம் சுவர் காலியாக இருந்தது. போர்மேன் எழுதிய பிறகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தயங்கினார்கள்.

“தப்பு பண்ணா கைதட்டுறாங்களாம்! எங்க வூட்ல தெரிஞ்சா வெளக்கமாத்தாலதான் தட்டுவா” என்றார் அவர்களில் ஒருவரான கம்மாபுரத்துக்காரர். சுரங்கத்துக்கு நிலம் போனபின் இந்த வேலைதான் அவருக்கு. பிறகு சிரிக்காமல் போர்மேனிடம் சொன்னார்: “நீங்க பர்மனென்ட்டு, எழுதுவீங்க. எங்கள நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க.”

“எழுதுய்யா. எவன் கேக்குறான்னு நான் பாத்துக்கறேன்” என்றார் போர்மேன். அந்தச் சொல்லை நம்பி எழுதினார்கள்.

மின்விசிறிக் காற்றில் தாள்கள் உதிர்ந்தன. மாலைதோறும் அவற்றைத் தேதி, பெயர், தவறு என்று மூன்று பத்தியாக நோட்டில் ஏற்றிவந்தேன்.

அடுத்த ஒப்பந்தத்தில் ஐந்து பேரைக் குறைக்கும்படி ஆனது. யாரை என்று சின்ன முதலாளிக்குப் புரியவில்லை. என் நோட்டைக் கேட்டார், கொடுத்தேன். ஒன்றும் எழுதாதவர்கள் தப்பினார்கள். கம்மாபுரத்துக்காரரின் பெயர்தான் அதில் அதிகம். “அவருக்குப் பதிலா என்னைய நிறுத்திடுங்க” என்று போர்மேன் கெஞ்சினார். “உணர்ச்சிவசப்படாதீங்க, டேட்டாவைப் பாருங்க” என்று பதில் வந்தது. ஐவரின் கேட் பாஸும் மறுநாளே பறிபோனது.

இப்போது பட்டறையில் எவரும் எதையும் சொல்வதில்லை, போர்மேன் காதிலும்கூட. சுரங்கத்தில் பெல்ட் பிரியும்போதுதான் பிசகு தெரிகிறது.

போன மாதம் போர்மேன் ஓய்வு பெற்றார். வழியனுப்பில் போட்ட மாலையைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏங்க, அந்த நோட்ட உங்கள எழுதச் சொன்னது யாருங்க?”

“யாரும் சொல்லலைங்க” என்றேன்.

அவர் மாலையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.