கிருத்திகை முடிந்த மறுநாள், இரண்டாம் வகுப்பில்

வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் யார் என்று தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் மொட்டை. எல்லார் தலையிலும் காய்ந்துபோன சந்தனம். திருத்தணி மலையிலிருந்து அன்று காலைதான் இறங்கியிருந்தார்கள் என்பதால் பலர் சீருடையில் இல்லை. வேண்டுதல் மஞ்சள் சட்டையோடே வந்துவிட்டார்கள்.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. பள்ளிப்பட்டு போகும் சாலையில் இருந்த ஓர் ஈராசிரியர் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி கொடுத்திருந்தார்கள். வகுப்பாசிரியை வட்டார அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்ததால் இரண்டாம் வகுப்பு அன்று முழுநாளும் என் பொறுப்பு. மதியம் எங்கள் விரிவுரையாளர் பாடத்தைப் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார். திருத்தணிப் பக்கம் பயிற்சிக்கு வரப்போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். உதவுமா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் உண்டு.

பெயர் படித்த விதம்

பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் விதி. நான் அதைக் கடமையாகச் செய்தேன். இரட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனும் சிரிஷா. நெற்றியில் விழும் சுருட்டை தருண். எண்ணெய் வழிய வகிடெடுத்தவன் கோகுல். இரண்டு வாரத்தில் முழு வகுப்பும் மனப்பாடம். ஆடிக் கிருத்திகை வரப்போகிறது என்பதும் தெரியும். நானும் இதே ஊர்க்காரிதான். இரண்டையும் சேர்த்து யோசிக்க மட்டும் தோன்றவில்லை.

ஒரு பிள்ளையைத் தொடர்ந்து கவனித்து எழுதும் கேஸ் ஸ்டடிக்குச் சிரிஷாவைத்தான் எடுத்திருந்தேன். வீட்டில் தெலுங்கு. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போகிறவர்கள். ஒன்றாம் வகுப்பு முழுக்க அவள் வகுப்பில் வாயைத் திறந்ததில்லை என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். நான் போன இரண்டாவது வாரக் கடைசியில், எல்லாரும் வெளியே ஓடிய பிறகு, என்னிடம் வந்து தண்ணீர் வேண்டும் என்று தெலுங்கில் கேட்டாள். அதன்பிறகு தினமும் தனியாக ஒரு சொல், இரண்டு சொல். ‘மாணவி பேசத் தொடங்கியுள்ளார்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதைக் காதால் கேட்கத்தான் விரிவுரையாளர் வருகிறார்.

காலையில் நடந்தது

பெயர் கூப்பிட்டால் சிரிஷா ‘உள்ளேன்’ சொல்லமாட்டாள். ரிப்பனைப் பார்த்து நானே குறித்துக்கொள்வது வழக்கம். அன்று ரிப்பன் இல்லை. வரவில்லை என்று குறித்தேன்.

கணக்குப் பாடம். ஜன்னலோரம் தருண் உட்காரும் இடத்தில், மஞ்சள் சட்டையும் கால்சட்டையும் போட்ட ஒரு மொட்டைத் தலை குனிந்திருந்தது.

“டேய் தருண், எழுந்து வாடா. போர்டுல எழுது” என்றேன்.

பின்பக்கத்திலிருந்து இன்னொரு மொட்டைத் தலை எழுந்தது. “மிஸ், நான் இங்க கீறேன் மிஸ்!”

“அய்ய, அது சிரிஷா மிஸ்!”

“சிரிஷாவ டேய்னு கூப்ட்டாங்கடா!”

“சிரிஷா பையனாயிட்டா! டேய் சிரிஷா, கோலி ஆட வரியாடா?”

வகுப்பே சிரித்தது. சிரிஷா புத்தகப் பையைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போய், “மிஸ் தெரியாம சொல்லிட்டேன்டா கண்ணு” என்றேன். அதிலும் ஒரு ‘டா’ வந்துவிட்டது. பை அசையவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியர் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, சந்தையாட்டம் கீது?”

“ஒரு பொண்ண பையன்னு நினைச்சிட்டேன் சார்.”

“கிருத்திகை முடிஞ்சா ஒரு வாரம் இப்பிடித்தான் இருக்கும். எல்லாத்தையும் ‘கண்ணு’ன்னு கூப்ட்டுகினு ஓட்டிடும்மா.”

நல்ல யோசனைதான். ஆனால் விரிவுரையாளரின் மதிப்பீட்டுத் தாளில் ‘மாணவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைவிட, சிரிஷா மதியச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். தண்ணீருக்கு என்னிடம் வரவில்லை. தானே குழாய்க்குப் போனாள். ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள், இனி எத்தனை நாளைக்குப் பேசாமல் இருப்பாளோ என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் மலையில்

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை கொஞ்சம் வரும். கிருத்திகையன்று என் இரண்டு வயது மகளுக்கும் மொட்டை போட்டோம். முடி காணிக்கை மண்டபத்தில் அவள் என் கணவரின் மடியில் இருந்தாள். மாற்றுத் துணி எடுக்கப் பையைத் திறந்து திரும்புவதற்குள், கூட்டம் நகர்ந்ததால் அவர் இடம் மாறிவிட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சந்தனம் பூசிய சின்னத் தலைகள். பெற்ற பிள்ளையின் தலை எது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை அழுகைக்கு நடுவே அவள் அழுகை மட்டும் தனியாகக் கேட்டது. சத்தம் வந்த திசையில் நடந்தேன். அங்கே இருந்தாள்.

சாப்பாட்டு மணி முடிவதற்குள் இதுதான் நினைவில் வந்தது. பாடத் திட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்யலாமா, மதிப்பெண் போய்விடுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். விரிவுரையாளர் வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோதும் முடிவெடுத்திருக்கவில்லை.

பார்வையிடல்

“கேஸ் ஸ்டடி பொண்ணு எங்க? பேசுறான்னு எழுதியிருந்தியே” என்று கேட்டார். காட்டினேன். பை மறுபடியும் தலைமேல் ஏறியிருந்தது. அவர் பேனாவைத் திறந்தார்.

கழித்தல் பாடம். நான் வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: “நேத்து எல்லாரும் மொட்ட போட்டுகினு வந்துட்டீங்க. எனக்கு யாரு யாருன்னே தெரியல. காலையில தப்பா கூப்ட்டது என் தப்பு. இப்ப நான் போர்டு பக்கம் திரும்பிக் கண்ண மூடிக்கிறேன். கணக்கு கேப்பேன். ஒருத்தர் மட்டும் விடை சொல்லணும். யாருன்னு நான் சொல்றேன். தப்பா சொன்னா எனக்கு முட்ட மார்க்.”

முட்டை மார்க் என்றதும் வகுப்பு தயாராகிவிட்டது.

“ஒன்பதுல நாலு போனா?”

“அஞ்சு!”

“கோகுல்.”

“இல்ல மிஸ், தருண்! முட்ட! முட்ட!”

அடுத்ததும் தப்பு. அதற்கடுத்தது தெரிந்தது. நான்காவதுக்கு ஒருவன் குரலை மாற்றிக் கிழவன் மாதிரி சொன்னான். அதற்கும் முட்டை. சிரிப்பு இப்போது என்மேல் இருந்தது. அது நல்லதா, வகுப்புக் கட்டுப்பாடு போய்விட்டதா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

“எட்டுல ஆறு போனா?”

யாரும் சொல்லவில்லை. சுலபமான கணக்கு. ஏன் சொல்லவில்லை என்று திரும்பிப் பார்க்க நினைத்தேன். கண்ணை மூடியபடியே நின்றேன். தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

“ரெண்டு.”

வகுப்பில் அந்தக் குரலை மற்றவர்கள் அதிகம் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன்.

“சிரிஷா.”

“ஐயோ, எப்டி மிஸ்? பாத்துட்டீங்களா மிஸ்?” என்று தருண் கத்தினான். திரும்பினேன். பை மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் கிள்ளிச் சொல்ல வைத்தாளா, தானாகச் சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பாடம் முடிந்ததும் விரிவுரையாளர் கேட்டார். “இது பாடத் திட்டத்துல இல்லையே?”

“இல்லைங்க மேடம்.”

“எழுதிச் சேத்துடு. ஆனா வகுப்புக்கு முதுகு காட்டி நின்னுகினு பாடம் நடத்தக் கூடாது. அதுக்கு மார்க் குறைச்சிருக்கேன்.”

குறைத்தது சரிதான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருக்கிறேன். புது வகுப்பு கிடைத்தால் முதல் வாரம் குரல்களைப் படிக்கிறேன். பேசாத பிள்ளை இருந்தால் அதன் நடை, செருமல், பென்சிலை உருட்டும் சத்தம். முடியையும் ரிப்பனையும் நம்புவதில்லை. நான் கற்றது இவ்வளவுதான்.

பார்வையிடலுக்கு மறுநாள் காலை

சிரிஷாவின் அப்பா டிவிஎஸ் வண்டியில் அவளை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், இன்னா மேடம் சொல்லிக் குடுத்தீங்க? ஊட்ல ஒரே ரோதன. சோறு துன்றதுக்கு முன்னாடி எல்லாரும் கண்ண மூடிகினு பேரு சொல்லணுமாம்.”

“நைனா, நீ போ” என்றாள் சிரிஷா. அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். சீருடை போட்டிருந்தாள். ரிப்பன் கட்ட முடி இல்லாததால் அதை மணிக்கட்டில் சுற்றியிருந்தாள்.

“மிஸ், கண்ணு மூடுங்க.”

மூடினேன். மைதானத்தில் பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். என் எதிரிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“சிரிஷா” என்றேன்.

“நான் ஒண்ணுமே சொல்லலியே மிஸ்!”