குட்டி டீச்சரின் கரும்பலகை

குட்டி டீச்சர் ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. சின்னப் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பை எடுத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆலயத்தின் பின்னறையில், முழங்கால் உயர நாற்காலிகளுக்கு நடுவே காலை நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்து, முப்பது வருடம் அன்பையும் சந்தோஷத்தையும் சொல்லிக்கொடுத்தார். பெரிய பிள்ளைகள் என் பொறுப்பு. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

வாரநாட்களில் அவருக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் மருந்துமாக வரும் விரிப்புகளை வெளுத்து மடித்து அடுக்குவார். போகாத கறை என்று ஒன்று கிடையவே கிடையாது என்பார். கணவர் உயிரோடு இருந்தவரை அவரிடம் அடி வாங்கியவர். அதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. மன்னித்ததால்தான் பிழைத்தோம் என்று மனதார நம்பினார். தன்னைப் பிழைக்கவைத்ததையே பிள்ளைகளுக்கும் கொடுத்தார். அதில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் தங்களை யார் நோகடித்தார்கள் என்று பிள்ளைகள் கரும்பலகையில் படம் வரைய வேண்டும். பிறகு, "மன்னிச்சிட்டேன்" என்று சொல்லி ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

"துடைச்சாச்சா? இனிமே அது இல்ல. துடைச்சதை யார்கிட்டயும் திரும்பச் சொல்லக் கூடாது. இப்ப சந்தோஷமா?"

"சந்தோஷம் டீச்சர்!" என்று கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

பென்சிலைப் பிடுங்கியவன், பின்னலை இழுத்தவள் என்று குற்றங்கள் எல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

வாயாடி என்று நாங்கள் கூப்பிட்ட ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். ஆறு வயது, தாயில்லாப் பிள்ளை. ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவரின் ஒரே மகள். பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள். அந்த வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனாள். "பரவாயில்லையே, பொண்ணுக்குப் பொறுமை வந்திருச்சு," என்றார் அக்கா. நானும் மண்டையை ஆட்டினேன்.

ஒரு ஞாயிறு அவள் பலகையில் ஒரு பெரிய கையை மட்டும் வரைந்தாள். "எங்கப்பாக்குக் கோவம் வந்துச்சு. எனக்கு ரொம்ப வலிச்சுது. நான் அழவே இல்ல, சிரிச்சேன். மன்னிச்சிட்டேன் டீச்சர்," என்றாள். காதைத் திருகியிருப்பார் என்று அக்கா நினைத்துக்கொண்டார். "இதுதான்டா கண்ணு அன்பு. எல்லாரும் பாத்துக் கத்துக்கோங்க," என்று மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, வகுப்பில் வர்ணம் பூசிய கையைக் கழுவிவிட அவளுடைய முழுக்கைச் சட்டையை அக்கா மேலே சுருட்டினார். உடனே என்னைக் கூப்பிட்டார். போனேன். முழங்கைக்கு மேலே சிகரெட் நுனி அளவில் வட்ட வட்டமாகச் சுட்ட வடுக்கள். பழையதும் இருந்தது, புதியதும் இருந்தது. எண்ணுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். போதகர் ஓடிவந்தார். "அவ அப்பாவைப் பத்தி நமக்குத் தெரியாதாம்மா? கொஞ்சம் பொறுமையா விசாரிச்சு..."

"பொறுமையா இருந்து இருந்துதான் ஐயா பிள்ளை இந்தக் கதியில நிக்குது," என்று கத்தினேன். போதகர் என்று பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் குழந்தைகள் நல அதிகாரி வந்தார். களைத்த முகம், கனத்த கைப்பை. எங்களைத் தனியே அழைத்து, "கீழ விழுந்தா, சட்டியில பட்டுச்சுன்னு அப்பா ஆயிரம் காரணம் சொல்லுவார். பொண்ணு வாயால சொன்னா இப்பவே கூட்டிட்டுப் போயிருவேன். சொல்லலைன்னா இன்னிக்கு அப்பாகூடதான் அனுப்பியாகணும்," என்றார். அப்பா வெளியே வராந்தாவில், கீபோர்டைப் பையில் போட்டு மூடிவிட்டு, மகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

வாயாடி அதிகாரியைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

"இது எப்படிம்மா ஆச்சு?"

"அது இல்ல."

"எது இல்ல?"

"துடைச்சாச்சு. சொல்லக் கூடாது."

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இருவருக்கும் விளங்கியது. அக்காவின் முகம் செத்துப்போனது. இப்படி ஒரு சிரிப்பை அந்தப் பிள்ளைக்குப் பழக்கிவைத்தது யார் என்று என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

அந்த நெட்டை உடம்பு தரையில் மண்டியிட்டது. அப்போதுதான் இருவர் கண்களும் நேருக்கு நேர் வந்தன.

"கண்ணு, டீச்சர் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்."

"அன்பா இருக்கணும்னு சொன்னீங்களே, அதுவா?"

"அது இல்லம்மா. சொல்லக் கூடாதுன்னு சொன்னேன் பாரு, அது. என்னையும் ஒருத்தர் அடிப்பாரு. பல வருஷம். நான் யார்கிட்டயும் சொல்லல. அன்பாலதான் சொல்லலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பயம்டா. வெறும் பயம்."

வாயாடி அவரை நம்பமுடியாமல் பார்த்தாள். "உங்களையா? இவ்ளோ பெரிய டீச்சரையா?"

"என்னையேதான்."

பிறகு பேச ஆரம்பித்தாள். பழைய வாயாடியாகவே, மூச்சுவிடாமல். எந்த அறை, எந்தச் சமயம், அப்பா கதவைச் சாத்திவிட்டு என்ன சொல்வார், சுடும்போது எந்தப் பாட்டை மனசுக்குள் பாடிக்கொள்வாள் என்று எல்லாம் வந்தது. அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அவள் கையை விடவில்லை.

"முன்னாடியெல்லாம் எப்பவாச்சும்தான் ஆன்ட்டி. டீச்சர் கைதட்டச் சொன்னாங்கன்னு வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சொன்னேன். அவரு சிரிச்சாரு. டீச்சருக்கே தெரியும், அவங்களே ஒண்ணும் சொல்லல பாருன்னாரு. அப்புறம்தான் தினமும்."

அதிகாரி பேனாவை நிறுத்தி எங்களை ஏறிட்டுப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கைதட்டலை நானும் கேட்டவள்தான்.

"அதையும் எழுதுங்கம்மா," என்றார் அக்கா. "என் பேரைப் போட்டே எழுதுங்க."