நடிகரின் பந்து மாட்டிய மரம்

அடையாறு சிக்னலைத் தாண்டிய பிறகும் ரம்பச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையில் அவ்வளவு தூரம் கேட்டிருக்க முடியாது. பேருந்துகளும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று திட்டிக்கொள்வதுபோல ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் கேட்டது. காலையில் வேலைக்குப் போனவன், பதினோரு மணிக்கு ஒருவரிடமும் சொல்லாமல் கோல்ஃப் கிளப்பின் பின்வாசல் வழியாக வெளியே வந்து நடந்துகொண்டிருந்தேன். அந்தப் பின்வாசலை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அது வெட்டுப்பட்டதற்கு நானும் ஒரு காரணம்.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, அசோக் நகரில் ஒரு மெஸ், சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை, எல்லா இடத்திலிருந்தும் ஒருநாள் எழுந்து நடந்து வந்திருக்கிறேன். பசியோடு நடந்திருக்கிறேன், காய்ச்சலோடு நடந்திருக்கிறேன். இவ்வளவு கோபத்தோடு நடந்தது அன்றுதான்.

கிளப்பில் நான் கேடி. ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும், பந்து விழுந்த இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்து எடுத்துக் காட்ட வேண்டும். நடப்பதற்குக் கூலி கொடுக்கிறார்களே என்றுதான் சேர்ந்தேன். மைதானம் முழுக்க மரங்கள். வேம்பு, புங்கன், நாவல், கொன்றை, ஓரத்தில் சில பனைகள். புயலில் விழுந்தவை போக மிச்சம் நின்றவை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சோலை. உள்ளே ஆடுகிறவர்களுக்கு மரம் என்றால் எரிச்சல். பந்து மரத்தில் பட்டுத் திரும்பினால் மரத்தைத் திட்டுவார்கள். மரம் பதில் பேசாது என்பதால் அடுத்து கேடியைத் திட்டுவார்கள்.

அந்தத் திட்டைத் தணிக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. கிளப்பில் பாருக்குப் போகும் நடையில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதாநாயகன் ஒருவர் மட்டையை ஓங்கி நிற்கிறார். வெள்ளைக் காலுறை, இரண்டு நிற ஷூ. பக்கத்தில் அந்தக் காலத்துக் கதாநாயகி, கையில் அவளும் ஒரு மட்டை வைத்திருக்கிறாள். இடக்கை இருக்க வேண்டிய இடத்தில் வலக்கை இருக்கிறது. அப்படிப் பிடித்தால் பந்து பத்தடி போகாது. ஆடினார்களா, ஆடுவதுபோல நின்றார்களா என்று யாருக்கும் தெரியாது. பின்னால் ஒரு மரத்தின் அடிப்பகுதி, கொஞ்சம் பட்டை மட்டும். படத்தின் ஓரத்தில் பையைப் பிடித்திருக்கும் ஒரு கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் படத்துக்கு வெளியே நிற்கிறான். வருகிறவர்கள் எல்லாரும் நடிகரைப் பார்ப்பார்கள், நடிகையைப் பார்ப்பார்கள், இது எந்த மரம் என்றுகூடக் கேட்பார்கள். அந்தக் கை யாருடையது என்று கேட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

விருந்தாளி ஒருவர் பந்தை மரத்துக்குள் அடித்துவிட்டு முகம் சிவந்து நிற்பார். நாங்கள் பையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொல்வோம், சார், அந்த நடிகர் பந்தும் இதே மரத்துலதான் மாட்டுச்சாம். உடனே அவர் முகம் மாறும். அப்படியா என்பார். மரத்தடியில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்வார். அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை திட்டு இருக்காது. எனவே நடிகரின் மரம் எது என்றால், விருந்தாளியின் பந்து எதில் மாட்டுகிறதோ அது. ஒருநாள் வேம்பு, மறுநாள் நாவல். இதை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. எல்லாக் கேடிகளும் செய்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன். அந்த நடிகர் சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டார் என்றெல்லாம் சேர்த்துச் சொல்வேன்.

பின்வாசல் மரம் இந்தக் கதைக்குள் வரவே இல்லை. அது ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து தள்ளி, மதிலை ஒட்டி நின்றது. அதன் கீழேதான் கேடிகள் முறைக்காகக் காத்திருப்போம். புல் பிடுங்கும் பெண்கள் சாப்பிட உட்காருவார்கள். பட்டினப்பாக்கம் குப்பத்திலிருந்து ஓர் அக்கா ஒன்பது வருடமாக அங்கே வந்து மீன் குழம்பும் சோறும் விற்றுக்கொண்டிருந்தார். வேருக்கு நடுவே அடுப்பு, கிளையில் தொங்கும் பை, எல்லாம் அவருக்கு அந்த மரம்தான். மரத்திலிருந்து ரோஜா நிறப் பஞ்சு மாதிரிப் பூ உதிர்ந்து சோற்றில் விழும். அக்கா ஊதிவிட்டுப் போடுவார்.

போன மாதம் பேட்டரி வண்டிகள் வாங்க கிளப் முடிவு செய்தது. ஆடுகிறவர்கள் இனி நடக்க வேண்டாம், பையும் வண்டியிலேயே போகும். வண்டிகளை நிறுத்தக் கொட்டகை வேண்டும். அதற்கு மதிலை ஒட்டிய மரங்களையும் இன்னும் சில மரங்களையும் வெட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள். பின்வாசலையும் அடைத்துவிடப் போகிறார்கள். ஆனால் செக்ரட்டரி எங்களைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். நடிகரின் மரத்தை மட்டும் விட்டுவிடுவார்களாம். அதன் கீழே அவர் பெயர் பொறித்த கல் வைப்பார்களாம். அவருடைய குடும்பத்தாரைக் கூப்பிட்டுத் திறப்பார்களாம். மரத்தை அடையாளம் காட்ட வேண்டியது எங்கள் பொறுப்பு.

அன்று மதியம் பின்வாசல் மரத்தடியில் கூடிப் பேசினோம். எல்லாரும் ஒரே மரத்தைச் சொல்வது, இந்த மரத்தையே சொல்வது என்று முடிவானது. மரம் நின்றால் கொட்டகை வராது, கொட்டகை வராவிட்டால் வாசல் மூடாது, அக்கா பிழைத்துக்கொள்வார். அக்காவுக்குச் சிரிப்பு. அந்த நடிகர் படத்தை நான் பார்த்ததே கிடையாது, அவரு வந்து எனக்கு எடம் புடிச்சுக் குடுக்கிறாரு பாரு என்றார். அன்று எங்களுக்கு இன்னொரு கரண்டி குழம்பு கிடைத்தது.

மறுநாள் செக்ரட்டரியிடம் போய்ச் சொன்னோம். பின்வாசல் மரம் சார். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தன் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினார். மெம்பர்கள் அனுப்பிய போட்டோக்கள். விருந்தாளிகள் மரத்தடியில் இளித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொன்றிலும் வேறு மரம். நடிகரின் மரம் என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருக்கிறது. பாதிக்கு மேல் போட்டோக்களில் ஓரத்தில் நான் நிற்கிறேன். ஒன்றில்கூடப் பின்வாசல் மரம் இல்லை.

“இதெல்லாம் நீ காட்டினதுதானே?” என்று என்னிடம் கேட்டார்.

நான் யோசித்தேன். யோசித்துத்தான் உண்மையைச் சொன்னேன்.

“அதெல்லாம் சும்மா சொன்னது சார். பொய்.”

“அப்ப இன்னிக்குச் சொல்றதும் பொய்தான். இல்லையா?”

செக்ரட்டரி கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பார் வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரு புங்க மரத்தைக் கைகாட்டினார். புகைப்படத்தில் இருக்கிற பட்டை மாதிரியே இருக்கிறது, அதுவே இருக்கட்டும் என்றார். அந்தப் புங்கன் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அந்த நடிகர் மட்டை பிடித்த காலத்தில் அது விதையாகக்கூட இருந்திருக்காது. அவர் நின்ற மரம் ஏதாவது புயலில் விழுந்து விறகாகப் போயிருக்கும். பொய் சொன்னதற்காக எங்களை மடக்கினார், பிறகு எங்களைவிடப் பெரிய பொய்க்குக் கல் வைத்தார். எங்கள் பொய்யால் அதுவரை ஒரு கிளைகூட ஒடிந்ததில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே பாலத்தைக் கடந்து மந்தைவெளி வழியாக மயிலாப்பூர் குளம்வரை நடந்துவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது கூட வேலை செய்யும் நண்பன் போன் செய்தான். “மச்சி, வுழுந்துடிச்சி” என்றான். வாசலுக்குச் சங்கிலி போட்டுவிட்டார்களாம். அக்கா சோற்றுக் குண்டானோடு வந்து வெளியே நின்றிருக்கிறார். காவலாளி உள்ளே விடவில்லை. சமைத்த சோற்றை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். “இன்னா பண்ணுவாங்கடா அவங்க” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வாசலில் நின்று பைகளுக்கு டோக்கன் கொடுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏசி காற்று வாசல்வரை வரும். நேரே அங்கே போயிருக்கலாம். போகவில்லை. சாயங்காலம் பட்டினப்பாக்கம் போனேன்.

அக்கா வீட்டு வாசலில் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மிஞ்சிய சோற்றைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நடந்ததை முழுதாகச் சொன்னேன், என் பங்கையும் மறைக்கவில்லை. தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அத்தினி மரத்த காட்னியே நைனா, நான் குந்தினு இருந்த மரத்த ஒரு தபா காட்டக்கூடாதா?”

“அங்க பந்து வராதுக்கா.”

“பந்து வராத எடமா பாத்துதான நம்மள குந்த வுட்டான்” என்றார். சாம்பல் கையால் குண்டானைக் கவிழ்த்து வைத்தார். அவர் குரலை உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கையைக் கழுவிக்கொண்டு அவரே பேசினார். மந்தைவெளியில் மெட்ரோவுக்குத் தோண்டுகிற இடத்தில் வடநாட்டுப் பையன்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், சோற்றுக்கு அலைகிறார்கள். அடுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் தினமும் தலையில் சுமந்து போய்வர முடியாது. மச்சினனின் மூன்று சக்கர மீன்பாடி வண்டி சும்மா நிற்கிறது, மிதிக்க ஆள் இல்லை.

“காலீல வந்து வண்டிய மிதி. கத கித சொல்லாத. மிதி, போதும்.”

காலையில் போனேன். குண்டான், அடுப்பு, தண்ணீர் கேன், இரண்டு மணை, எல்லாம் ஏற்றி மிதித்தேன். மெட்ரோ தகரத் தடுப்பை ஒட்டி வண்டியை நிறுத்தினோம். பதினோரு மணிக்கே தகரம் கொதித்தது, சாய முடியவில்லை. கண்ணுக்கு எட்டியவரை நிழல் இல்லை. அக்கா ஒரு தார்ப்பாயை எடுத்து, இரண்டு முனையைத் தகரத்தின் போல்ட்டில் கட்டினார், மூன்றாவதை வண்டிக் கைப்பிடியில் கட்டினார். நாலாவது முனையைக் கட்ட எதுவும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு கயிற்றை என்னிடம் கொடுத்தார். சாப்பாட்டு நேரம் முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.